ஆண்டின் சிறந்த பாட்டு: தீர்ப்பு யாருடையது?

டிசம்பர் வந்தால் இசை ரசிகனுக்கு ஒரு கணக்கு முடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வருடம் காதில் விழுந்தவற்றில் எது நின்றது, எது போனது? வியாபாரிக்கு மார்ச் மாதம் போல ரசிகனுக்கு டிசம்பர். இப்போது அந்தச் சிரமமும் இல்லாமல் போய்விட்டது. கைப்பேசியில் இருக்கும் இசைச் செயலியே வண்ணப் படங்களோடு கணக்கை முடித்து நீட்டிவிடுகிறது. இந்த ஆண்டு நீங்கள் அதிகம் கேட்ட ஐந்து பாடல்கள் இவை, இத்தனை ஆயிரம் நிமிடங்கள் கேட்டீர்கள் என்கிறது. ரசிகன் அதை அப்படியே நண்பர்களுக்கு அனுப்புகிறான். அனுப்பிய பிறகு பலருக்கும் லேசான சங்கடம். நமக்கு ரொம்பப் பிடித்தது உண்மையிலேயே இந்தப் பாட்டுதானா?

எது நல்ல பாட்டு என்று சொல்லும் உரிமை யாருக்கு என்கிற வழக்கு இந்தியாவில் எழுபது வருடங்களுக்கு மேல் பழையது. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார் பி.வி. கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரம் வெட்டப்பட்டது. பாட்டு எந்தப் படத்தில் வருகிறது என்று அறிவிப்பது விளம்பரமாகிவிடும் என்று படத்தின் பெயரைச் சொல்வதும் நின்றது. கோபம் கொண்ட பட அதிபர்கள் ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொஞ்ச காலத்துக்கு, நாடே முணுமுணுத்த பாட்டுகள் நாட்டின் வானொலியில் ஏறக்குறைய இல்லை.

மக்கள் முள்ளைத் திருப்பினார்கள். முள் போய் நின்ற இடம் கொழும்பு. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைகளுக்காக அங்கே நிறுவப்பட்ட சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பு வசதி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதன் வர்த்தக ஒலிபரப்பு இந்திய விளம்பரதாரர்களுக்கு வாசலைத் திறந்து வைத்தது. தமிழ் ரசிகர்களுக்கு அதன் தமிழ்ச் சேவையும், எஸ்.பி. மயில்வாகனனின் குரலும் மறக்கக்கூடியவை அல்ல. ஹிந்தி ரசிகர்களுக்கு அதே வானொலி தந்தது 'பினாக்கா கீத்மாலா'. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்களில் இரண்டையும் கேட்டவர்கள் உண்டு.

1952 டிசம்பர் 3, புதன்கிழமை. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த சீபா நிறுவனத்தின் பற்பசைக்காக இந்த நிகழ்ச்சி தொடங்கியது. பேசியவர் அமீன் சயானி. இருபது வயது நிறைய இன்னும் பதினெட்டு நாட்கள் பாக்கி. எழுதுவது, பேசுவது, வரும் கடிதங்களைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு 25 ரூபாய் சம்பளம். பெரிய ஆட்கள் யாரும் இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டார்கள் என்பதால்தான் வாய்ப்பு இவருக்கு வந்தது. பம்பாயில் பதிவான நாடா விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அலைவரிசையில் ஏறி, இந்தியாவுக்கே திரும்பி வந்தது.

ஆரம்பத்தில் ஏற்பாடு எளிமையானது. ஏழு பாட்டுகள் ஒலிக்கும். நேயர்கள் அவற்றை வரிசைப்படுத்தி எழுதி அனுப்ப வேண்டும். பரிசு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்கள் 9,000. பிறகு வாரத்துக்கு 65,000 வரை ஏறியது. தாக்குப்பிடிக்க முடியாமல் போட்டியைக் கைவிட்டு, வாரந்தோறும் பாட்டுகளை ஏறுவரிசையில் ஒலிபரப்பும் முறைக்கு மாறினார்கள். ஒவ்வொரு இடத்தையும் 'பாயதான்', அதாவது படி, என்றார் சயானி. பாட்டு படியேறியது, படியிறங்கியது. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு நோட்டும் பென்சிலுமாக ரேடியோ முன்னால் உட்கார்ந்தவர்கள் தேசம் முழுக்க இருந்தார்கள்.

சயானியின் மொழிக்கும் ஒரு பின்னணி உண்டு. அவருடைய தாய் குல்சும் சயானி, புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்காக 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை நாகரி, உருது, குஜராத்தி என மூன்று எழுத்துகளில் நடத்தியவர். அதில் ஒத்தாசை செய்த பையன், யாருக்கும் புரிகிற ஹிந்துஸ்தானியை அங்கேயே பழகினான். பண்டிதரும் ரிக்‌ஷாக்காரரும் ஒரே நிகழ்ச்சியைக் கேட்க முடிந்தது இதனால்தான்.

வருடக் கடைசியில் வரும் நிகழ்ச்சிதான் உச்சம். வருடம் முழுக்க வாரப் பட்டியல்களில் பெற்ற இடங்களைக் கூட்டி, ஆண்டின் முதல் பாட்டு அறிவிக்கப்படும். 1953-ல் அந்தப் பெருமை 'அனார்கலி' படத்துக்காக லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டுக்கு. இசை சி. ராமச்சந்திரா. 'வனமோகினி' போன்ற தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்துத் தொழிலைத் தொடங்கியவர், பின்னாளில் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்காக மீண்டும் தமிழுக்கு வந்தவர். 1955-ல் முதலிடம் 'ஸ்ரீ 420'. உடுத்தியிருப்பதெல்லாம் அயல்நாட்டுச் சரக்கானாலும் மனசு மட்டும் இந்தியாவுடையது என்று ராஜ் கபூர் நடந்து வரும் பாட்டு. சுதந்திரம் பெற்று எட்டே வருடமான நாடு எதை முணுமுணுத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தப் பட்டியல்களைப் புரட்டினால், ரசிகன் எத்தனை சுதந்திரமாகத் தீர்ப்புச் சொன்னான் என்பது தெரிகிறது. 1957-ஐ எடுத்துக்கொள்ளலாம். 'ப்யாசா', 'மதர் இந்தியா', 'நயா தௌர்' எல்லாம் வந்த ஆண்டு. எஸ்.டி. பர்மன், நௌஷாத், ஓ.பி. நய்யார் என்று பெரிய தலைகள் வரிசையாக நின்றன. முதலிடம் பெற்றதோ 'ஜனம் ஜனம் கே ஃபேரே' என்ற சிறிய படத்தின் பாட்டு. இசையமைத்தவர் புராணப் படங்களே கதி என்றிருந்த எஸ்.என். திரிபாதி. 1978-ல் அமிதாப் பச்சனின் படங்கள் வசூலைக் குவித்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டின் முதல் பாட்டோ 'அங்கியோன் கே ஜரோகோன் ஸே' என்ற சின்னப் படத்துடையது. பிறவியிலேயே பார்வையற்ற ரவீந்திர ஜெயின் எழுதி, இசையமைத்து, ஹேமலதா பாடியது. லதா, ஆஷா சகோதரிகளின் கோட்டைக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்து கொடி நாட்டியது.

1975-ன் முதலிடம் இன்னும் சுவாரசியமானது. 'ரோட்டி கபடா ஔர் மக்கான்' படத்தில் லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் இசையில் வந்த கவ்வாலி. காதலும் இல்லை, நிலவும் இல்லை. விலைவாசி அடிக்கிற அடியைப் பற்றிய புலம்பல்தான் முழுப் பாட்டும். அவசரநிலை அறிவிக்கப்பட்ட ஆண்டில், பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த நேரத்தில், ஒரு பற்பசை விளம்பர நிகழ்ச்சியின் உச்சிப் படியில் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களின் குரல் ஏறி உட்கார்ந்துவிட்டது. படம் வெளியானது 1974-ல். பாட்டு வந்த வருடம் வேறு, ரசிகனின் மனசில் ஊறி மேலே வந்த வருடம் வேறு. 'டான்' படமும் அப்படித்தான். வந்தது 1978-ல், அதன் பனாரஸ் வெற்றிலைப் பாட்டு முதலிடம் பிடித்தது 1979-ல்.

இதெல்லாம் அப்பழுக்கற்ற ஜனநாயகம் என்று சொல்லிவிட முடியாது. இசைத்தட்டு விற்பனை ஓர் அளவுகோல். ஆனால் நினைத்தால் பட அதிபரே ஆள் வைத்துத் தட்டுகளை வாங்கிக் குவிக்கலாம். அதற்கு மாற்றாக நேயர் மன்றங்களின் கருத்தும் சேர்க்கப்பட்டது. மன்றம் வைத்து, கூட்டம் போட்டு, கடிதம் எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் எல்லா வீட்டிலும் இருந்துவிடவில்லை. ரேடியோ வாங்க வசதியில்லாதவன் டீக்கடையில் கேட்டான். அவன் வாக்கு எங்கும் பதிவாகவில்லை. அடுக்களையில் இருந்தபடி கேட்ட பெண்களில் எத்தனை பேர் கடிதம் போட்டிருப்பார்கள்?

இருந்தும் கடிதம் எழுதியவர்களின் வெறி அசாதாரணமானது. ஜும்ரி தலையா என்று ஓர் ஊர். இன்று ஜார்க்கண்டின் கோடர்மா மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது பிஹார். அப்ரகச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். இலங்கை வானொலியிலும் பிறகு விவித பாரதியிலும் 'நேயர் விருப்பம்' என்றால் இந்த ஊர்ப் பெயர் வராமல் இருக்காது. அப்படி ஓர் ஊரே கிடையாது, அறிவிப்பாளர்களின் கற்பனை என்று நினைத்தவர்கள் ஏராளம். யார் பெயர் அதிகமாக ஒலிக்கிறது என்பதில் ஊருக்குள்ளேயே போட்டி. எதிராளியின் கடிதம் போய்ச் சேராமலிருக்கத் தபால்காரரைக் கவனித்துக்கொண்டதாகக்கூடக் கதைகள் உண்டு. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தலைநகரிலிருந்து பார்த்தால் வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத ஓர் ஊர், எனக்குப் பிடித்த பாட்டு இது என்று தேசத்தின் காதில் விழும்படி சொன்னது. அமைச்சரகம் கேட்டறியாத கருத்து அது.

அமைச்சரகமும் கடைசியில் வழிக்கு வந்தது. கேஸ்கரின் காலத்திலேயே, 1957 அக்டோபரில், விவித பாரதி தொடங்கப்பட்டது. சினிமாப் பாட்டு அரசு வானொலிக்குத் திரும்பியது. 1989-ல் கீத்மாலாவும் கொழும்பை விட்டு விவித பாரதிக்கு வந்து, தொண்ணூறுகளின் முற்பாதியில் ஓய்ந்தது. பிற்பாடு சில ஆண்டுகள் வேறு பெயரில் எட்டிப்பார்த்தது. சயானி 2024 பிப்ரவரி 20 அன்று மும்பையில் 91 வயதில் காலமானார்.

இப்போது நீதிபதி இருக்கையில் அமர்ந்திருப்பது எந்திரம். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019-ல். அதன் கணக்குப்படி முப்பது விநாடி ஓடினால் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகப் பதிவாகும். காதலோடு கேட்டதா, பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்ததா என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. கேட்ட ஆல்பம் முடிந்ததும் அதே சாயலில் வேறு பாட்டுகளைத் தானாகவே ஓடவிட்டு, அவற்றையும் எண்ணிக்கொள்ளும். குழந்தையைத் தூங்க வைக்க இரவுதோறும் ஒரே தாலாட்டைப் போட்ட தகப்பனுக்கு, ஆண்டின் அபிமானப் பாட்டு அந்தத் தாலாட்டுதான். ஆண்டுப் பட்டியல் டிசம்பர் தொடக்கத்துக்குள் வெளியாகிவிடுவதால் கணக்கு அதற்குச் சில வாரங்கள் முன்பே மூடப்படுகிறது. மார்கழிக் கச்சேரிகளில் மனசைப் பறிகொடுத்தவன் வீடு திரும்பி அதே ராகத்தைத் தேடித் தேடிக் கேட்டாலும் அந்த ஆண்டுக் கணக்கில் வராது.

எந்திரத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மன்றம் வைக்காதவனையும், கடிதம் எழுதக் கூச்சப்பட்டவளையும் அது எண்ணுகிறது. இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் தெரியாமல் கேட்ட பாட்டையும் மறப்பதில்லை. மற்றவர் முன்னால் ரசனையைக் காட்டிக்கொள்வதற்காகச் சொல்லும் பொய் அதனிடம் எடுபடாது. உயர்ந்த சங்கீதம்தான் கேட்பேன் என்று மார்தட்டுபவரின் பட்டியலில் குத்துப்பாட்டு முதலிடத்தில் வந்து நிற்பதும் நடக்கிறது. ஆனால் அது சொல்வதெல்லாம் பழக்கத்தைப் பற்றி. தினமும் குடிப்பது தண்ணீர் என்பதற்காக யாரும் தண்ணீரைப் பிடித்த பானம் என்று எழுதுவதில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. 2024-ல் ரெஸ்ஸோ, விங்க் என்று இரண்டு இசைச் செயலிகள் இந்தியாவில் கடையைக் கட்டின. வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளத் தெரியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த பட்டியல்கள் அவற்றோடு போயின. புதன்கிழமை நோட்டுகளோ இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. கான்பூரைச் சேர்ந்த ஹர் மந்திர் சிங் 'ஹம்ராஸ்', 1931-ல் பேசும் படம் வந்ததிலிருந்து வெளியான ஹிந்திப் படப் பாட்டுகளைப் பத்துப் பத்து ஆண்டுகளாகத் தொகுத்து 'ஹிந்தி ஃபில்ம் கீத் கோஷ்' என்று புத்தகங்களாக்கினார். அது பல்கலைக்கழகம் செய்த வேலை அல்ல, ஒரு ரசிகரின் வேலை. இன்று ஆய்வாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

1952-ல் இது உங்களுக்கு நல்லதல்ல என்று ஓர் அமைச்சர் சொன்னபோது, ரசிகன் ரேடியோவின் முள்ளைத் திருப்பி, கடிதம் எழுதி, தன் உரிமையை வாங்கிக்கொண்டான். இன்று இதுதான் உங்களுக்குப் பிடித்தது என்று எந்திரம் சொல்லும்போது, சண்டை போடாமலே அதை ஒப்படைத்துக்கொண்டிருக்கிறான். மீட்பதற்குப் பெரிய போராட்டம் தேவையில்லை. செயலி பட்டியலை நீட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நினைவிலிருந்து மட்டும் பத்துப் பாட்டு எழுதினால் போதும். அஞ்சலட்டை வாங்கி, முகவரி எழுதி, தபால் பெட்டி வரை நடந்து போய்ப் போடும் அளவுக்கு இந்தப் பாட்டு வேண்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலோருக்குப் பத்து தேறாது. நாலோ ஐந்தோ தேறலாம். அந்த வருடத்தின் பட்டியல் அதுதான்.