கூப்பிடும் பெயரும் காகிதப் பெயரும்

குழந்தை பிறந்த வீட்டில் ஒரு நல்ல நாள். தொட்டில் கட்டுகிறார்கள். சொந்தபந்தம் கூடுகிறது. பெரியவர் ஒருவர் குனிந்து, குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்கிறார். எல்லோர் வாயிலும் சர்க்கரை!

அந்தப் பெயர், குழந்தையைக் கேட்டு வைத்த பெயர் அல்ல. பெரும்பாலோருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. ஆனால், ஆண் பிள்ளை என்று எண்ணிப் பெயர் வைத்த குழந்தை, வளர வளரத் தன்னைப் பெண்ணாகவே உணர்ந்தால்? பெண் என்று எண்ணிய குழந்தை, தன்னை ஆணாக உணர்ந்தால்? முன்னவரைத் திருநங்கை என்றும், பின்னவரைத் திருநம்பி என்றும் இன்று மரியாதையாக அழைக்கிறார்கள்.

அவர்கள் தங்களுக்குப் பொருத்தமான ஒரு பெயரை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழிலும், ரேஷன் கார்டிலும், பாங்கிப் புத்தகத்திலும் பழைய பெயரே நிற்கிறது.

தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

பாங்கியில் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சேலை கட்டிய ஒருவர் எழுந்து வருகிறார்.

"உங்களைக் கூப்பிடவில்லை அம்மா!" என்கிறார் குமாஸ்தா.

"அது நான்தான் ஐயா" என்கிறார் வந்தவர்.

வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பணம் எடுக்க வந்தவர், கூட்டத்தின் நடுவே தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நினைத்துப் பாருங்கள்! ஒரு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். போகும் இடமெல்லாம் இதே கதை என்றால்?

கைக்கு எட்டிய வேலை

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி பட்டம் பெற்ற திருநங்கை. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டார். விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று! சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவருடைய பெயரும் சான்றிதழ்களில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை என்பது.

அவர் சோர்ந்துவிடவில்லை. சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2017-ல் தர்மபுரி மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பு ஏற்றார்.

அவர் கோர்ட்டுப் படி ஏறினார், வென்றார். ஏற முடியாதவர்கள் எத்தனை பேர்?

சட்டம் வந்த வழி

2008-ல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. 15-4-2014 அன்று சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய தீர்ப்பை வழங்கியது. திருநங்கைகளும் திருநம்பிகளும் இந்த நாட்டின் சமமான குடிமக்களே என்று அது சொன்னது. 2019-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. கலெக்டரிடம் அடையாளச் சான்று பெற்றவர், பிறப்புச் சான்றிதழிலும் மற்ற அடையாள ஆவணங்களிலும் தம் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு உரிமை தந்தது.

அரசு கெஜட்டில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடும் வழியும் எல்லோருக்கும் பொதுவாக உண்டு. இன்னாருடைய பிள்ளை, இன்ன நாளில் பிறந்தவர், இன்ன விலாசத்தில் வசிப்பவர், இனிமேல் இந்தப் பெயரால் அழைக்கப்படுவார் என்று அதில் அச்சாகும்.

"பெயரை மாற்றிக்கொண்டு ஏமாற்றினால் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். கெஜட்டில் பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒளிந்துகொள்ள நினைப்பவன் ஊரறியத் தண்டோரா போடுவானா?

அத்தனையும் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு வந்தவரிடம், ஒவ்வொரு ஆபீசிலும் மறுபடி மறுபடி விசாரணை எதற்கு?

ஒரு மாநிலமே கேட்ட பெயர்

"பெயர்தானே! எது இருந்தால் என்ன?" என்பாரும் உண்டு. தமிழர்கள் அப்படிச் சொல்லலாமா?

இந்த மாநிலத்துக்குத் "தமிழ்நாடு" என்று பெயர் வைக்க வேண்டும் என்று 1956-ல் உண்ணாவிரதம் இருந்தார் சங்கரலிங்கனார். உயிரையே கொடுத்தார். 1967-ல் சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. 14-1-1969 முதல் சென்னை மாநிலம், தமிழ்நாடு ஆயிற்று. மண்ணும் மாறவில்லை, மக்களும் மாறவில்லை. தங்கள் நாட்டைத் தங்கள் பெயரால் அழைக்கும் பெருமை மட்டும் கிடைத்தது.

ஒரு மாநிலத்துக்கு உள்ள அந்த ஆசை, ஒரு மனிதருக்கு இருக்கக்கூடாதா?

இனி என்ன செய்ய வேண்டும்?

உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது. மேஜைக்கு வர வேண்டும். பெயர் மாறியதற்கு உரிய சான்றுடன் வருபவரைப் பள்ளிக்கூடமும், பாங்கியும், தாலுகா ஆபீசும் நாள் கணக்கில் அலைய வைக்கக்கூடாது. "நாளைக்கு வா" என்ற ஒரு சொல்லால் ஒரு வேலை போகலாம். ஒரு வருடப் படிப்பு வீணாகலாம்.

புதிய பெயரைச் சொல்லிக் கூப்பிட அதிகாரிகளுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. கொஞ்சம் மரியாதை இருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் முதல் ஆபீஸ், வீடு. கெஜட் வருவதற்கு முன்னாலேயே தாய் கூப்பிடலாம், தகப்பன் கூப்பிடலாம். அதற்கு மனுப் போட வேண்டாம், முத்திரை வேண்டாம்.

அன்று தொட்டிலில் ஒரு பெயர் சொன்ன வாய், இன்று வாசலில் நிற்கும் பிள்ளையை, அந்தப் பிள்ளை விரும்பும் பெயரைச் சொல்லி, "உள்ளே வா, சாப்பிடு" என்று கூப்பிடட்டும்!