முதல் மூன்று கிழமை

"மகள் ஆமியில் சேரப்போகிறேன் என்று நிற்கிறாள், என்ன சொல்லட்டும்?" என்று தாய்மார் சிலர் கேட்கிறார்கள். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்ட காலத்தை மறந்த தாய் வன்னியில் இல்லை. இப்போது கேட்பது வீட்டு வறுமை. ஆனால் பயிற்சியின் முதற் கிழமைகளில் என்ன நடக்கும் என்று பிள்ளை தெரிந்துகொண்டு போகட்டும்.

எந்த நாட்டுப் படையிலும் தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். பெயருக்குப் பதில் இலக்கம். விடிய முன் எழும்ப வேண்டும். ஒருத்தி பிழைவிட்டால் எல்லோருக்கும் தண்டனை. நினைத்தவுடன் அம்மாவுடன் கதைக்கவும் முடியாது. யோசிக்காமல் கட்டளைக்குப் பணியப் பழக்குவதற்காகத்தான் இவ்வளவும்.

உடம்பு படும் பாட்டை ஒருவரும் சொல்வதில்லை. சப்பாத்துக் கொப்புளம் ஆறிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போகலாம், சிலருக்கு நின்றும் போகும். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறையும். காலெலும்பில் மெல்லிய வெடிப்பு வருவது ஆண்களைவிடப் பெண்களுக்கே கூட. பிரித்தானியப் படைகளில் அணிநடையின் ஓர் எட்டு 30 அங்குலம். ஆண்களோடு அந்த எட்டு வைத்து நடந்த பெண்கள் சிலருக்கு இடுப்பெலும்பு வெடித்து, அவர்கள் நட்டஈடு கேட்டுப் பெற்றார்கள். ஆகவே நோவை மறைக்காமல் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். போக முன் சில மாதமாவது கீரை, நெத்தலி, பயறு என்று கொடுங்கள்.

2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த மாதமே சிலர் கிளிநொச்சி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். பேய் பிடித்தது என்றும் கதை வந்தது. எழுதுவினைஞர் வேலை என்று நம்பித்தான் போனார்கள் என்ற பேச்சும் எழுந்தது. போரைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, சீருடையும் அதட்டலும் புரியாத மொழியும் ஒன்றாய் வந்தால் என்ன ஆகும் என்று பேயைத் தேடியவர்கள் யோசித்தார்களோ தெரியாது.

தமிழ் 1987 இலிருந்து அரசகரும மொழி. கைச்சாத்து வைக்க முன் பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை வருடம், கையில் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு, இடையில் விலக வழி உண்டா, வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம்? வாயால் சொன்ன பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.