கட்டுச்சோறும் கட்டுமின்சாரமும்

நம் பாட்டன்மார் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்ட காலத்தில், வழிக்கு வேண்டிய உணவைத் தாமே கட்டிச் சுமந்து சென்றனர். கட்டுச்சோற்று மூட்டையைத் தோளிற் சுமப்பவனுக்கு ஒரு கணக்கு எப்பொழுதும் மனத்தில் இருக்கும். இன்றைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு, ஆறு பெருகி வழியை மறித்தால் அதற்கென்றும் ஒரு பிடி. முதல் நாள் மாலையிலேயே மூட்டையை அவிழ்த்து விருந்து கொண்டாடுபவனை யாத்திரிகன் என்று எவரும் மதியார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழியை மாணவருக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதனை எனக்கு விளக்குவதற்குப் பட்டிப்பொலையில் ஒரு குளிர் இரவு வேண்டியிருந்தது.

மோட்டார் வண்டியிற் குடும்பத்தோடு சென்று, கூடாரம் அடித்து, இரண்டோர் இரவு வெளியிலே தங்கி வருவோர் இக்காலத்திற் சுமக்கும் புதிய மூட்டை ஒன்று உண்டு. அதற்குப் 'பவர் ஸ்டேஷன்' என்று பெயர். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. ஒரு சிறிய பிரயாணப் பெட்டியின் அளவுதான். உள்ளே லித்தியம் பற்றரிகள். வெளியே வீட்டுச் சுவரில் உள்ளது போன்ற மின்துவாரங்கள். அதனோடு புத்தகம்போல மடித்து விரிக்கத்தக்க சூரியத் தகடு ஒன்றும் வரும். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் செய்து காட்டிய சிலிக்கன் சூரியக் கலம், தன்மீது விழுந்த ஒளியின் நூற்றில் ஆறு பங்கையே மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகளோ நூற்றில் இருபது பங்கைக் கடந்துவிட்டன. லித்தியம் பற்றரியை ஆக்கித் தந்த மூவருக்கு 2019ஆம் ஆண்டில் இரசாயனவியல் நோபெற் பரிசு கிடைத்தது. அவர்களுள் ஒருவரான ஜோன் குடினஃப் அப்பொழுது 97 வயதினர். மாணவர் இதனை மனத்திற் கொள்க.

இத்தகைய பெட்டியொன்றை நாங்கள் வாங்கியது விளையாட்டுக்காக அன்று. எட்டு வயதான எங்கள் இளைய மகளுக்குக் குளிர் கூடினால் தொய்வு வரும். வீட்டிலே நெபுலைசர் கருவி உண்டு. மருந்தைப் புகைபோலாக்கி மூச்சுடன் உள்ளே செலுத்தும் அக்கருவிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே, மலைநாட்டுப் பயணம் என்ற பேச்சு எழுந்தபொழுது, "மிஷினுக்குக் கரண்ட் இல்லாத இடத்துக்கு நான் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன்" என்று மனைவி உறுதியாகக் கூறினாள். அவளுடைய தம்பி கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்து சேர்ந்தான். வழக்குத் தீர்ந்தது.

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் அவனுடைய வானிலே புறப்பட்டோம். கண்டி வீதியால் வந்து, நுவரெலியாவைக் கடந்து, அம்பேவெலை வழியாகப் பட்டிப்பொலையை அடைந்தோம். இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்த ஊர் அது. என்னோடு உடன் படித்த நண்பர் ஒருவருக்கு அங்கே மரக்கறித் தோட்டம் இருந்தது. லீக்ஸ் பாத்திகளுக்கு அருகிற் கூடாரம் அடித்துக்கொள்ள அவர் அனுமதித்திருந்தார். வண்டி ஓடும்பொழுதே அதன் பன்னிரண்டு வோல்ற்றுத் துவாரத்திற் பெட்டியைத் தொடுத்திருந்தமையால், நாங்கள் இறங்கியபொழுது அதன் முகப்பில் நூறு என்ற எண் ஒளிர்ந்தது.

அந்த எண்தான் எங்களைக் கெடுத்தது.

"அத்தான், இது கைக்குள்ளே இருக்கும் லக்சபான!" என்றான் மைத்துனன். முதலில் மின்கேத்தலைப் பொருத்தினோம். பெட்டி ஒரு முறை கீச்சிட்டு நின்றுவிட்டது. கேத்தல் கேட்பது 1500 வாற்று. பெட்டி ஒரே நேரத்திற் கொடுக்கக்கூடியதோ 600 வாற்று. அத்துடன் விட்டிருக்கலாம். சிறிய ரைஸ் குக்கரை வைத்தோம், அதற்கு இணங்கியது. கூடாரத்தைச் சுற்றி மின்விளக்கு, கைத்தொலைபேசிகளுக்கு மின்னூட்டம், உயர்தர வகுப்பில் படிக்கும் மகனுடைய மடிக்கணினியில் ஒரு திரைப்படம். மலைக்காற்றில் அமர்ந்து சூடான சோறு உண்டு படம் பார்த்த அந்த மாலை மிக இனிமையாகத்தான் இருந்தது. பத்து மணிக்குப் படுத்தோம். பெட்டியின் முகப்பு பத்து என்று காட்டியதை நான் பார்த்தேன். பார்த்தும், காலையிற் சூரியத் தகட்டை விரித்தால் நிரம்பிவிடும் என்று எண்ணிக் கண்ணை மூடினேன்.

மூன்று மணியளவில் மகளின் மூச்சுச் சத்தம் என்னை எழுப்பியது. "அப்பா, மூச்சு முட்டுது" என்றாள். மனைவி கருவியை எடுத்து மருந்தை ஊற்றிப் பொருத்தினாள். கருவி இயங்கியது; இரண்டு நிமிடம் சென்றது; நின்றது. பெட்டியின் முகப்பு இருண்டுவிட்டது. அந்த இருட்டில் மனைவி என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வானை எடுத்தோம். பனிமூட்டத்தில் நுவரெலியா வைத்தியசாலையை அடைய ஒரு மணித்தியாலம் சென்றது. மகளை மடியில் நிமிர்த்தி வைத்து, "மெதுவாக, மெதுவாக" என்று மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே கடமையில் இருந்த இளம் மருத்துவர் உடனே மருந்து கொடுத்தார். விடியுமுன் மூச்சுச் சீராயிற்று. பின்னர் அவர் என்னிடம், "பம்பும் ஸ்பேசரும் கொண்டு வரவில்லையா, சேர்? நெபுலைசரை மட்டும் நம்பி வெளிக்கிடக் கூடாது. பம்புக்குக் கரண்ட் வேண்டாம்" என்றார். மூச்சு மருந்துப் பம்பை ஸ்பேசர் என்னும் குழலோடு முறையாகப் பயன்படுத்தினால், கடுமையற்ற தொய்வுக்கு அது நெபுலைசருக்குக் குறையாத பயன் தருமென்றும் விளக்கினார். வைத்தியர் காட்டித் தந்த முறையிலே அதனைப் பழகிக்கொண்டு வைத்திருப்பது இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் அனைவருக்கும் நன்று.

வைத்தியசாலை வாங்கில் அமர்ந்திருந்தபொழுது என் பிள்ளைப் பராயம் நினைவுக்கு வந்தது. 1990களில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் நாங்கள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். எண்ணெயை மிச்சப்படுத்தத் திரியை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை அம்மா அறிந்திருந்தாள். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தோம். சுற்றும் கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். அந்த டைனமோ கொடுத்தது ஏறத்தாழ 3 வாற்று. எங்கள் பெட்டியிலே 500 வாற்று-மணி இருந்தது. அதே அளவு சக்தியை அந்த டைனமோவாற் பெற வேண்டுமாயின், ஏழு நாள் இரவும் பகலும் ஓயாது சுற்ற வேண்டும். அதனை நாங்கள் ஒரே மாலையிற் செலவழித்துவிட்டோம். சுற்றிய கைக்குத் தெரிந்த கணக்கு, பொத்தானை அழுத்திய விரலுக்குத் தெரியாமற் போயிற்று.

காலையிற் கூடாரத்துக்குத் திரும்பியதும் மகளே கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் சொல்ல அவள் எழுதினாள். பௌதிகவியல் கற்பிப்பவன் முதல் நாளே செய்திருக்க வேண்டிய கணக்கு அது.

வாற்று என்பது செலவின் வேகம். வாற்று-மணி என்பது இருப்பின் அளவு. முன்னதை வலு என்றும் பின்னதைச் சக்தி என்றும் வகுப்பிற் படிக்கிறோம். மின்சாரப் பட்டியலில் வரும் ஓர் அலகு 1000 வாற்று-மணி. எனவே எங்கள் பெட்டி அரை அலகுதான். பற்றரியின் நேர்மின்னோட்டத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்பொழுது நூற்றில் பதினைந்து அளவிற் சேதாரமும் உண்டு. ரைஸ் குக்கர் 500 வாற்று, அரை மணித்தியாலம்: 250. மடிக்கணினி இரண்டரை மணித்தியாலம்: 90. சேதாரத்தோடு இவ்விரண்டுமே 400 ஆகிவிட்டன. விளக்கும் தொலைபேசிகளும் 50. படுக்கும்போது எஞ்சியது 50. நெபுலைசருக்கு ஒரு முறைக்குச் சேதாரத்தோடு 30 போதும். அப்படியாயின் அது ஏன் நின்றது?

விடையை மகன் கண்டுபிடித்தான். படம் முடிந்த பின் அவன் கணினியை அணைத்தானேயன்றி, பெட்டியின் 230 வோல்ற்று ஆளியை அணைக்கவில்லை. எதனையும் பொருத்தாவிடினும், அந்த மாற்றி இயங்கிக்கொண்டிருக்க மட்டும் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 10 வாற்று-மணி தின்றுவிடுகிறது. ஐந்து மணித்தியாலத்தில் 50. பானை கவிழவில்லை, ஓட்டையால் ஒழுகிற்று. மகன் தலை குனிந்தான். ஆளியை அணைக்கச் சொல்லாத குற்றம் என்னுடையது.

அன்று பகல் முழுவதும் மூடுபனி. யாழ்ப்பாணத்து முற்றத்தில் உச்சி வெயிலில் 70 வாற்று தந்த தகடு, அங்கே 12 வாற்றே தந்தது. ஆறு மணித்தியாலத்தில் 70 வாற்று-மணி சேர்ந்தது. வைத்தியசாலைக்குப் போய் வந்த இரண்டு மணித்தியால ஓட்டத்தில் வான் கொடுத்ததோ 180. இரண்டும் சேர்ந்து பெட்டியைப் பாதியளவு நிரப்பின. இரண்டாம் இரவு நண்பர் கொடுத்த விறகடுப்பிற் சோறு ஆக்கினோம். வரும் வழியில் நுவரெலியாவில் வாங்கிய பம்பும் ஸ்பேசரும் மகளின் தலைமாட்டில் இருந்தன. ஒரு விளக்கு, தொலைபேசிகள், அவ்வளவுதான். படம் பார்க்கவில்லை, மைத்துனன் பாட்டுப் பாடினான்.

இத்தகைய பெட்டி வாங்க எண்ணும் வாசகர்களுக்குச் சில சொற்கள். முதலில் வேண்டியவற்றை எழுதிக் கூட்டிப் பார்த்து, அதன் பின் பெட்டியின் அளவைத் தெரிவு செய்க. சூடாக்கும் சாதனங்களே பெருந்தீனிக்காரர்; சமையலுக்கு அடுப்பை நம்புக. கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் பெட்டி அந்நாட்டுக்குரிய 120 வோல்ற்றைத் தரும். நம் கருவிகளுக்கு 230 வேண்டும். 160 வாற்று-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைப் பயணிகள் விமானத்திற் கொண்டுவரவும் இயலாது. லித்தியம் இரும்புப் பொசுபேற்று வகை சூட்டை அதிகம் தாங்கும், நீடித்தும் உழைக்கும். ஆயினும் கதவடைத்த வண்டிக்குள் வெயிலில் எந்தப் பெட்டியையும் விட்டுச் செல்லற்க. சூரியத் தகட்டின்மேல் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறையும். பெட்டியை நிரப்புவதற்கென்று கூடாரத்துக்கு அருகில் இரவில் இயந்திரத்தை ஓட விடவே கூடாது. அதன் புகையில் உள்ள நச்சுவாயு உறங்குவோரைக் கொல்லும்.

பெட்டி இப்பொழுது எங்கள் வீட்டு மண்டபத்தில் இருக்கிறது. அதன் முகப்பிற்கு மேலே மகள் தன் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறாள்: "நித்திரைக்கு முன் 30. ஆளி அணைத்தாச்சா?" சென்ற கிழமை மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவில், மைத்துனன் விளையாட்டாகக் கேத்தலை எடுத்து வந்தான். அவள் எழுந்து வந்து பெட்டியின் முன்னால் நின்றுகொண்டாள்.