கறிவேப்பிலைக்கு ஓய்வு கொடுப்போம்

புணேயிலிருந்து அகில்யாநகர் (முன்னாள் அகமத்நகர்) செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ரஞ்சன்காவ். பக்தர்களுக்கு இது அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதியின் ஊர். பணி நிமித்தம் குடியேறிய நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கோ தொழிற்பேட்டையின் ஊர். நம் வாடகை வீட்டு மாடிகளில், சொந்த ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று ஒன்றாவது இருக்கும். தை மாதம் வந்தால் அவற்றுள் சில குப்பைக்குப் போகின்றன. அது தேவையற்ற இழப்பு என்பதே நம் கருத்து.

நாம் உடன் கொண்டுவந்த பருவக் கணக்கு இவ்வூருக்குப் பொருந்துவதில்லை. தமிழகத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். இங்கே மழை அக்டோபரிலேயே விடைபெற்றுவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள வட்டம் இது. பின்னர் வானம் தெளிந்து குளிர் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே செல்லும் இரவுகளும் உண்டு. அக்குளிரில் கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இலைகளை மஞ்சளாக்கி உதிர்க்கிறது. நாமோ பதறிப்போய் உரமிடுகிறோம்; இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் திரும்பியும் ஒரு வாளி நீர் ஊற்றுகிறோம். உறங்கும் செடிக்கு அவ்வளவு நீர் வேண்டியதில்லை. தொட்டியில் நீர் தேங்கி வேர் அழுகுகிறது. பல செடிகளைக் கொல்வது குளிரன்று, நம் பதற்றமே.

மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு, காலை வெயில் ஏறியதும் சிறிது நீர் விட்டால் போதும். மாசி வரை உரம் வேண்டா. செடி பட்டுப்போயிற்றோ என்று ஐயம் எழுந்தால் தண்டை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்க்கலாம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நம் ஊர் மல்லிகை விவசாயிகள் நவம்பர் இறுதியில் நீரைக் குறைத்துக் கவாத்து செய்வதும் செடியின் ஓய்வை மதித்துத்தான்.

கை சும்மா இராது என்போர்க்கு வேறு வேலை உண்டு. முள்ளங்கி, பட்டாணி, பாலக், கொத்தமல்லி எல்லாம் விரும்புவது இக்குளிரையே. மல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முழுதாக விதைத்து ஒரு பருவத்தையே வீணாக்கியவர்கள் நாம். வெந்தயத்திற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே முளைக்கும்; நான்கு வாரங்களில் கீரை. இதனால் பணம் மிச்சமாகும் என்று ஆசை காட்ட மாட்டோம். குளிர்காலத்தில் சந்தையிலும் மேத்திக் கட்டு மலிவுதான். ஆயினும் பறித்த கையோடு சட்டியில் விழும் கீரையின் மணம் சந்தைக் கட்டில் இல்லை.

மார்ச்சில் வெயில் ஏறியதும் கறிவேப்பிலையின் மொட்டைக் கிளைகளில் இளந்தளிர் எட்டிப் பார்க்கும். உரத்தை அப்போது இடுவோம். அதற்குள் பணியிட மாற்ற ஆணை வந்துவிட்டால், தொட்டியை அடுத்த வீட்டாரிடம், செடி உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்லி ஒப்படைத்துச் செல்வோம்.