சிறுதேரும் விரைதேரும்

"பண்டிதருக்கு மோட்டார் வண்டியில் என்ன அலுவல்?" என்று ஆசிரியர் அறையில் நண்பரொருவர் நகைத்தார். பதினோராம் வகுப்பு மாணவனொருவன் செய்துகொண்டிருந்த சிறு வண்டியை மேசைமீது வைத்து நான் அளந்துகொண்டிருந்த வேளை அது. குடைக்கம்பிகளே அதன் சட்டம். தேய்ந்த பாட்டாச் செருப்பை வட்டமாக அறுத்துப் பின்சில்லுகள். ரின்மீன் தகரத்தால் முகப்பு. அமெரிக்கர் 'ட்ராக்ஸ்டர்' எனக் கூறும் கால்மைற் பந்தய வண்டியின் பழைய வடிவம், இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில்.

நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான்: தமிழ்ப் பண்டிதனுக்கல்லாமல் வேறெவருக்கு இதில் உரிமை? பட்டினப்பாலையில் நெய்தல் நிலத்துச் சிறுவர் உருட்டிய முச்சக்கரத் தேரை, கோழிக்கு எறிந்த பொற்குழை வழிமறிக்கின்றது. குறுந்தொகையின் 61ஆம் பாட்டில், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாத பிள்ளைகள் அதனைக் கையால் இழுத்தே மகிழ்கின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர். நபிகள் நாயகத்தின்மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் அம்மரபினரே.

நகைப்போடு செய்தி முடிந்திருந்தால் எழுதியிரேன். பையனின் வாப்பா என்னிடம் வந்தார். "சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு மாதந்தான் சேர், அந்தச் சாமானைப் பறித்து வையுங்கள்" என்றார். அவரது அச்சம் நியாயமானது. ஆயினும் பறிக்க நான் உடன்படவில்லை.

15 அடி நீளத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 7.2 அங்குலம் என்பதை அவன் தானே கண்டான். விகிதசமக் கணக்கில் அதுவரை அவன் பெற்ற புள்ளிகளைச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். மேலும் ஒருநாள், "இதில் சாரதி ஏன் சேர் பின்னச்சுக்கும் பின்னால இருக்கார்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இருவரும் தேடிப் படித்தோம்.

அக்கால வண்டிகளில் எஞ்சின் சாரதிக்கு முன்னே. விசைமாற்றுப் பெட்டியோ அவர் கால்மாட்டில். 1964இல் கால்மைலின் முடிவில் மணிக்கு 201 மைல் வேகங்கண்ட டொன் கார்லிட்ஸ் என்பவருக்கு, 1970 மார்ச்சில் கலிபோர்னியாவில் அப்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாக முறிந்தது. வலப்பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. வைத்தியசாலைப் படுக்கையிலேயே அவர் எஞ்சினைச் சாரதிக்குப் பின்னே வைக்கும் வண்டியைச் சிந்தித்தார். அவ்வகை முன்னரும் முயலப்பட்டு, நேராக ஓடாமற் கைவிடப்பட்டதே. சுக்கானின் திருப்பத்தை மந்தமாக்கியபின் 1971இல் அது வென்றது. பின்வந்தோர் அவ்வழியே சென்றனர்.

இதைப் படித்தபின் பையன் நெடுநேரம் பேசவில்லை. தகரத்தில் வெட்டிய சின்னஞ்சிறு சாரதியின் கால்களைக் குடைக்கம்பிகளுக்கிடையே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் இரவிலே மோட்டார் சைக்கிளிற் பந்தயம் ஓடிய என் பழைய மாணவனொருவனின் ஜனாஸாவில் சென்ற ஆண்டு நின்றேன். மாதிரி வண்டி செய்தவன் வேகத்தை வெறுத்துவிடுவான் என்று நான் வாதிடவில்லை. வேகத்தின் உறுப்புகளை விரலால் தொட்டவனுக்கு அதன் விலையும் ஓரளவு தெரிந்திருக்கும் என்பதே என் துணிபு. இறந்த பிள்ளைக்கு நாங்கள் தன்வினை, பிறவினை கற்பித்தோம், இதனைக் கற்பிக்கவில்லை.

கடைகளிற் பெட்டியாக விற்கும் பிளாஸ்ரிக் உறுப்புகளை ஒட்டிச் செய்வதும் பொறுமைக்கு நல்லதே. எனினும் செருப்பை அறுத்தவன் கையில் ஏறிய கணக்கு அதில் ஏறாது. கைப்பணிக்கென்று நேரசூசியிலுள்ள பாடவேளையைப் பரீட்சை நெருங்கியதும் பிற பாடங்களுக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தை நாம் நிறுத்தவேண்டும். கடன் வாங்கியவர்களுள் நானும் ஒருவன்.

வாப்பாவுடன் ஓர் உடன்பாடு செய்தேன்: அஸருக்குப் பின் ஒருமணி நேரம் வண்டி, இஷாவுக்குப் பின் பாடம். 1,320 அடிக் கால்மைல் இவ்வளவில் 52.8 அடியாகும். எங்கள் பள்ளி விறாந்தை 48 அடிதான். மிகுதிக்கு முற்றத்தில் பலகை போடலாமா என்று பையன் கேட்கிறான். அதிபரிடம் நானே கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன்.