செவி திறக்கும் வரை மொழி காத்திருக்குமா?

பிறவியிலேயே செவித்திறன் இழந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. உட்செவியில் பழுதுற்ற மயிரணுக்களைக் கடந்து, செவிநரம்பை மின்முனைகளால் நேரே தூண்டுகிறது அக்கருவி. வறிய குடும்பங்களுக்கு அரசுத் திட்டங்கள் செலவை ஏற்கின்றன.

ஆனால் அறுவை அரங்கு வரையிலான வழி நீண்டது. உறங்கும் சிசுவுக்குச் சில நிமிடங்களில் செய்யக்கூடிய ஓஏஈ செவிச்சோதனை, இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்ப்பதில்லை. “சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்” என்னும் பாட்டியின் ஆறுதலில் இரண்டாண்டு கழிந்துவிடுகிறது. பின்னர் பெரா சோதனை, ஸ்கேன், நிதி விண்ணப்பம், காத்திருப்பு. கருவி பொருத்திய பின்னும், கேட்கும் ஒலியைச் சொல்லாக உணர நெடும்பயிற்சி வேண்டும். மூளை மொழியை எளிதில் பற்றும் ஆண்டுகள் இவைதாம்.

இந்த இடைவெளியில் பெற்றோர் பலருக்குக் கிடைக்கும் அறிவுரையே கொடியது: “சைகை காட்டாதீர்கள், காட்டினால் பேச்சு வராது.” மொழியியல் இதை ஏற்பதற்கில்லை. இந்தியச் சைகைமொழி வெறும் கையசைப்பன்று. வினாச்சொல்லை வாக்கிய இறுதியில் வைக்கும் தனி இலக்கணம் உடையது. கேத்ரின் டேவிட்சனும் உடனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், காதுகேளாப் பெற்றோரிடம் பிறந்தது முதலே சைகைமொழி பெற்று, பின் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைகளின் ஆங்கிலம், அதேபோல் வளர்ந்த செவித்திறனுள்ள பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு ஈடாக இருந்தது. ஐந்தே பிள்ளைகள்தாம், எனினும் சைகை பேச்சைக் கெடுக்கும் என்போர் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

கேட்கும் திறனுள்ள பெற்றோர் பெரும்பாலோர் சைகைமொழி அறியாதவர் என்பது உண்மையான தடை. அறுவைக்கான விண்ணப்பப் படிவத்தோடு, அருகிலுள்ள சைகைமொழி வகுப்பின் முகவரியையும் மருத்துவமனைகள் கொடுக்கத் தொடங்கலாம்.