உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவருக்கு 'காத்திருந்து பார்த்தல்' பொருந்துமா?

2022 யூன் மாதம் நியூயோர்க்கிலிருந்து வந்த ஒரு செய்தி எங்கள் கைபேசிகளிலும் சுற்றியது. மலக்குடல் புற்றுநோயாளர் 12 பேருக்கு டொஸ்டார்லிமாப் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. 12 பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது. சத்திரசிகிச்சையும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. 'புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது' என்று பகிர்ந்தவர்கள் ஒரு வரியை விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டிகள் எல்லாமே ஒரு தனி வகை. மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் வேலை செய்யாத அந்த வகை, மலக்குடல் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துக்குள்தான் வரும். நாங்களோ அந்த மாதம் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு.

அந்த மருந்தை விட்டுவிடுவோம். மீதி தொண்ணூறு பேருக்கும் உரிய இன்னொரு ஆராய்ச்சி இருக்கிறது. அது எங்கள் ஆட்களுக்கு வந்து சேருமா என்பதே என் கேள்வி.

மலக்குடல் புற்றுநோய் முதலில் பரவுவது குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கு. பிறகு ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகும். 1982இல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குடலையும் அந்தக் கொழுப்பையும் உறை கிழியாமல் ஒரே பொதியாக எடுக்கும் முறையை விளக்கினார். அடிவயிற்றில் நோய் திரும்புவது அதனால் வெகுவாகக் குறைந்தது. ஆனால் கட்டி மலவாசலுக்குக் கிட்ட இருந்தால் மலவாசலையும் எடுக்கவேண்டி வரும். ஆயுள் முழுக்க வயிற்றில் ஒரு பை. கூலி வேலைக்குப் போகிறவருக்கும், தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கும் அந்தப் பை என்னவென்று விளக்கத் தேவையில்லை.

2004இல் பிரேசிலின் அஞ்செலிட்டா ஹாப்ர்-காமா, கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தபின் கட்டி முழுதாக மறைந்த 71 பேரை வெட்டாமல் கண்காணித்த அனுபவத்தை வெளியிட்டார். அப்போது பலர் அதை ஏற்கவில்லை. 2018இல் பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படிக் கண்காணிக்கப்பட்ட 880 பேரில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு இரண்டு வருடங்களுக்குள் கட்டி அதே இடத்தில் திரும்ப முளைத்திருந்தது. முளைத்தவை அநேகமாகக் குடல் சுவரிலேயே இருந்தன. அதாவது விரலுக்கும் கமராவுக்கும் எட்டும் இடத்தில். 2022இல் வெளியான ஒப்ரா என்ற அமெரிக்க ஆய்வில் 324 பேர். கதிர்வீச்சை முதலில் கொடுத்து மருந்தைப் பின்னால் கொடுத்த பிரிவில், பாதிக்குச் சற்று அதிகமானோர் மூன்று வருடத்தின் பின்னும் மலக்குடலை இழக்காமல் இருந்தார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் 2019இல் ஸ்லோன் கெட்டரிங் வைத்தியசாலை வெளியிட்ட 113 பேரின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கட்டி திரும்ப முளைத்தவர்களில் 36 வீதமானோருக்கு நோய் தூர உறுப்புகளுக்குப் பரவியது. முளைக்காதவர்களில் 1 வீதத்துக்கு மட்டுமே. முளைத்ததால் பரவியதா, பரவும் குணமுள்ள கட்டிதான் முளைத்ததா என்பதில் நிபுணர்களிடையே விவாதம் உண்டு. எப்படியிருந்தாலும் கண்காணிப்பில் ஒரு தவணையைத் தவறவிட முடியாது.

'காத்திருந்து பார்த்தல்' என்ற பெயர் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். வீட்டில் சும்மா இருக்கலாம் என்று கேட்கிறது. ஒப்ராவில் முதல் இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனையும் குடல் கமராவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. ஸ்கானும் எடுத்தார்கள். பிறகு இன்னும் மூன்று வருடம், சற்று இடைவெளி விட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மகரகமவுக்குச் சுமார் 400 கிலோமீற்றர். வன்னியிலிருந்து யாழ்ப்பாணம் போவதே பலருக்கு ஒருநாள் கூலி இழப்பு.

எம்.ஆர்.ஐ. என்றால் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2009 வரை ஷெல்லடிக்குள் இருந்த எத்தனையோ பேர் இன்றும் உடம்புக்குள் இரும்போடு நடமாடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். கண்ணிலோ முள்ளந்தண்டுக்குக் கிட்டவோ பெரிய இரத்தக் குழாயோரத்திலோ உள்ள துண்டு அசைந்தால் ஆபத்து. இடுப்பில் இருந்தால் அசையாவிட்டாலும் படத்தைக் கெடுக்கும். பார்க்கவேண்டிய இடமோ அந்த இடுப்புத்தான்.

ஸ்கானுக்கு முன் 'உடம்பில் உலோகம் இருக்கிறதா' என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடுவோர் உண்டு. சிலருக்கு மறந்துபோய்விட்டது. சிலருக்கு, எங்கே காயப்பட்டாய் என்ற அடுத்த கேள்விக்குப் பயம். இதைச் சொல்வதில் உள்ள தயக்கம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறதென்று பார்ப்பார்கள். இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். முடியாதவர்களுக்கு சி.ரி. ஸ்கான், மலவாசல் வழியான அல்ட்ராசவுண்ட், கமரா உண்டு. சி.ரி.யில் குடல் சுவரின் அடுக்குகள் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கமுடியாத, தவணைக்கு ஒழுங்காக வரமுடியாத ஒருவரிடம் வைத்தியர் 'வெட்டுவதுதான் பாதுகாப்பு' என்று சொன்னால், அதைப் பழைய வைத்தியம் என்று ஒதுக்கவேண்டாம்.

மாகாண சுகாதாரத் திணைக்களம் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. உடம்பில் ஷெல் துண்டு உள்ளவரின் கிளினிக் கொப்பியில், எங்கே எப்படிக் காயப்பட்டார் என்று எதுவும் கேட்காமல், 'உலோகம் உண்டு, இன்ன இடத்தில்' என்ற ஒரு வரியும் எக்ஸ்ரே திகதியும் எழுதிவைக்கலாம். தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பொதுமக்களின் காசில் எழுந்தது. அந்த ஒரு வரிக்குக் காசும் தேவையில்லை.

இவ்வளவும் நோயை நேரத்தோடு கண்டுபிடித்தவர்களுக்கே. மலத்தோடு இரத்தம் போனால் மூலவியாதி என்று முடிவெடுத்து மாதக்கணக்கில் கைமருந்து செய்வது எங்களிடம் வழக்கம். அநேகமாக அது மூலமாகத்தான் இருக்கும். இல்லாதவரை அடையாளங்காண விரலால் செய்யும் இரண்டு நிமிடப் பரிசோதனையில் தொடங்கலாம். அதற்கு மகரகமவும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். பக்கத்து ஆதார வைத்தியசாலையில் கேட்டு வாங்கலாம்.